உறை போகட்டும், சுழற்சி இருக்கட்டும்

அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஊரே இலவசமாகத் தரும் புத்திமதி ஒன்று உண்டு: "எல்லாத்தையும் விட்டுட்டு நிம்மதியா இருங்க." கோயில் வாசலிலும் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்டது, சாகும் தறுவாயில் இருக்கும் சில விண்மீன்களிடம்.

காமா கதிர் வெடிப்புகளைப் பற்றித்தான் சொல்கிறேன். 1967 ஜூலை 2 அன்று அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள் அதை முதன்முதலில் பதிவு செய்தன. சோவியத் நாடு ரகசியமாக அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறதா என்று வேவு பார்க்கப் போன இடத்தில் கிடைத்த செய்தி அது. பூமியிலிருந்தும் வராத, சூரியனிலிருந்தும் வராத அந்தப் பளிச்சிடல்களில் பதினாறைத் திரட்டி, லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ரே கிளெபசாடலும் சகாக்களும் 1973இல் வெளியிட்டார்கள். அவை பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடப்பவை என்று உறுதியாக 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், வெடிப்பு ஒன்று வந்த திசையிலேயே, விண்மீன் வெடித்துச் சாகும் சூப்பர்நோவா ஒன்றும் தென்பட்டது. 2003 மார்ச்சில் வந்த இன்னொன்று, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. இரண்டு விநாடிக்கு மேல் நீடித்தாலே வானியலாருக்கு அது 'நீண்ட' வெடிப்பு. அத்தகையவற்றில் பெரும்பாலானவை ஒரு பெரிய விண்மீனின் சாவு.

சூரியனைப் போல் 25 மடங்கு நிறையுள்ள விண்மீன் தன் ஹைட்ரஜனை எரித்து முடிக்க ஏறக்குறைய 70 லட்சம் ஆண்டுகள் ஆகும். கார்பனுக்குச் சில நூறு ஆண்டுகள். கடைசியில் வரும் சிலிக்கானுக்கு ஏறத்தாழ ஒரே நாள். பிறகு மிஞ்சும் இரும்பை எரித்து ஆற்றல் பெற வழியில்லை. தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் உள்கரு ஒரு விநாடிக்குள் சரிந்துவிடுகிறது. நிறை போதுமான அளவு இருந்தால் அந்த இடத்தில் கருந்துளை பிறக்கிறது.

இனிமேல் நடப்பதைத் தீர்மானிப்பது சுழற்சி. மெதுவாகச் சுழலும் விண்மீன் என்றால் மிச்சமெல்லாம் நேரே உள்ளே விழுந்து கதை முடிந்துவிடும். வேகமாகச் சுழன்றால், இடைப்பகுதியில் உள்ள பொருள் நேரே விழ முடியாமல் கருந்துளையைச் சுற்றி ஒரு வட்டாகத் திரள்கிறது. துருவங்களின் பக்கம் வழி திறக்கிறது. இந்தச் சித்திரத்தை 1993இல் முன்வைத்தவர் ஸ்டான் வூஸ்லி. கருந்துளையும் சுழல்வதால் அதைச் சூழ்ந்த காந்தப்புலம் கயிறாக முறுக்கேறுகிறது. அந்த முறுக்கின் வழியே கருந்துளையின் சுழற்சி ஆற்றலே வெளியே இழுக்கப்படுகிறது. இப்படி நடக்க முடியும் என்று 1977இலேயே பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். நியூட்ரினோக்களுக்கும் இதில் பங்குண்டு என்பாரும் உண்டு. எப்படியோ, இரு துருவங்களிலிருந்தும் இரண்டு மெல்லிய தாரைகள் கிளம்புகின்றன. வெளியே வந்தபின் அவற்றின் வேகம் ஒளிவேகத்தில் 99.99 விழுக்காட்டை எட்டும்.

அந்த 'வெளியே வந்தபின்' என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தாரையை உந்தும் அந்தக் கருந்துளை எஞ்சின் ஓடுவது பெரும்பாலும் சில பத்து விநாடிகள். பருத்த ஹைட்ரஜன் உறையைச் சுமக்கும் செம்பெருமீனின் அகலம் சூரியனைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. மையத்திலிருந்து விளிம்புக்கு வர ஒளிக்கே பல நிமிடங்கள் ஆகும். தாரை உள்ளேயே செத்துப்போகும். உறையைக் கழற்றிவிட்டு ஏறத்தாழ சூரியன் அளவுக்குச் சுருங்கிய விண்மீனை அது பத்து விநாடியில் துளைத்துவிடும். இந்த வெடிப்புகளோடு வரும் சூப்பர்நோவாக்களின் நிறமாலையில் ஹைட்ரஜன் தென்படுவதில்லை என்பது இதற்குச் சாட்சி.

ஆக, விட்டுவிடச் சொன்னவர்கள் வென்றார்கள் என்று தோன்றும். பொறுங்கள். விண்மீன் தன் உறையைக் காற்றாக ஊதித் தள்ளும்போது, அந்தக் காற்று சுழற்சியையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. உறையும் போய், சுழற்சியும் போனால் தாரைக்கு வழியே இல்லை. வானியலார் இதோடு நெடுநாளாக மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் சொல்லும் விடைகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று, பிறவியிலேயே மிக வேகமாகச் சுழலும் விண்மீன் தன்னைத் தானே கலக்கிக்கொண்டு, ஹைட்ரஜனை ஏறக்குறைய முழுதும் எரித்துவிடும். கழற்றுவதற்கு உறையே சேராது. இன்னொன்று, அருகிலிருக்கும் இணை விண்மீன் உறையை இழுத்துக்கொள்ளும்.

முதல் வகை மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பதவியும் பாராட்டும் வந்த வேகத்திலேயே அவர்களுக்குள் வேலையாக எரிந்துவிடும். நானெல்லாம் இரண்டாம் வகை. ஓய்வு பெற்றபின், நான் இல்லாமல் கல்லூரி எப்படி நடக்குமோ என்று புலம்பிக்கொண்டிருந்தேன். "நீங்க இருந்தப்பவும் அது தானாத்தாங்க நடந்துச்சு" என்றாள் மனைவி. ஒரு பெரிய உறை அன்றே கழன்றது.

உறையோடு சுழற்சியையும் கொடுத்துவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். தமிழாசிரியர். வீட்டையும் கணக்கு வழக்கையும் மகனிடம் ஒப்படைத்தார், அது சரி. அதோடு விடியற்காலைப் படிப்பையும், திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் 'இனி எதற்கு' என்று நிறுத்திவிட்டார். அடுத்த பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது என்னிடம் பேச அவருக்கு எதுவும் இருக்கவில்லை.

நேர் எதிரானவர் இன்னொரு நண்பர். எண்பது வயதுவரை எங்கள் வட்டார நூலகக் குழுவின் தலைவர் நாற்காலியை விடவில்லை. மாலை, மேடை, அச்சிட்ட பெயர் எல்லாம் வேண்டும். அவருக்குள் இருந்த அறிவு வெளியே வரவே இல்லை என்று நான் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு.

ஆனால் உள்ளே சிக்கிய தாரைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் ஆற்றல் வீணாவதில்லை. சுற்றியுள்ள அடுக்குகளில் பாய்ந்து அவற்றை வெளியே தள்ளுகிறது. 1998இல் தெரிந்த வெடிப்பு மிகவும் மங்கல். அதன் தாரை கிட்டத்தட்ட உள்ளேயே மூச்சுமுட்டிப் போயிருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. சூப்பர்நோவாவோ வழக்கத்தைவிடப் பன்மடங்கு வீரியமாக இருந்தது. அந்த நண்பர் திட்டித் திட்டியே வேலை வாங்கிய இரண்டு பேர்தான் இப்போது நூலகத்தை நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது, அவர் காலத்தில் அப்படி இல்லை.