தாம்பரத்தில் ஒரு 'எவர்கிரீன்' காடு!

"அப்பா, எவர்கிரீன்னா பழைய பாட்டுதானே?"

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் புவியியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். அவள் மேல் தப்பில்லை. நம்மூரில் அந்தச் சொல் காட்டைவிட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ராத்திரி எஃப்.எம்.மில் எவர்கிரீன் ஹிட்ஸ். வயசே ஏறாத நடிகர் எவர்கிரீன் ஹீரோ. அவரையே என் அம்மா 'மார்க்கண்டேயன்' என்பாள். துருப்பிடிக்காத பாத்திரத்துக்கு எவர்சில்வர் என்று பேர் வைத்துப் புழங்குகிறவர்கள் நாம். சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் பெயரில்கூட எவர்கிரீன் உண்டு. மரம்தான் இல்லை. விளம்பரத்தில் மரம் வரைந்திருந்த இடத்தில் இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது.

புத்தகத்தில் 'பசுமைமாறாக் காடுகள்' என்று போட்டிருந்தது. ஆண்டுக்கு 200 செ.மீ.க்கு மேல் மழை, மேற்குத் தொடர்ச்சி மலை, வானுயர்ந்த மரங்கள். "அப்ப நம்ம ஊர்ல கிடையாதா?" என்றாள்.

இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே.

சென்னை கிறித்தவக் கல்லூரி, பட்டணத்து நெரிசலிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறிய வருடம் 1937. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஆறு வருடம்தான். சேலையூர்க் காட்டை ஒட்டிக் கிடைத்த அந்த இடம் இன்று சுமார் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தின் பசுமைக்குப் பாடுபட்டதை அங்கே படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். என் மாமாவும் அங்கே படித்தவர்தான். அனுமதி வாங்கி, மே மாதக் காலை ஒன்றில் எங்களை அழைத்துப் போனார்.

வெளியே வேளச்சேரி சாலையில் பஸ் ஹாரன். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததும் புழுதி வாசனை போய் இலை வாசனை வந்தது. தூரத்தில் புள்ளிமான் ஒன்று காதை மட்டும் ஆட்டியது. அக்னி நட்சத்திர வெயில்தான். ஆனாலும் புதர்களுக்கு நடுவே குட்டை குட்டையாகக் கரும்பச்சை மரங்கள். வளாகம் முழுக்க அந்தக் காடு என்று சொல்ல முடியாது. முள்புதரும், பிற்பாடு நட்ட மரங்களும் கலந்துதான் கிடக்கின்றன.

இதற்கு வனத்துறைக்காரர்கள் வைத்த பெயர் 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு'. உலர்ந்தும் இருக்குமாம், பசுமையாகவும் இருக்குமாம்! சோழமண்டலக் கரையோரம் ஒரு பட்டைபோல ஓடிய காடு இது. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. அதைத் தாங்குவதற்காகவே இலைகள் சின்னதாக, தோல்போலத் தடித்து, மெழுகு பூசினாற்போல் மினுங்குகின்றன. வீரை, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, காயா எல்லாம் இந்தக் காட்டுக்காரர்கள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயாதான். கிளையோடு ஒட்டி நீலமாகப் பூக்கும்.

"இந்த மரம் இலையே உதிர்க்காதா தாத்தா?"

"உதிர்க்காம இருக்குமா? கீழே பாரு" என்றார் மாமா. காலடியில் சருகு நொறுங்கியது. ஒரேயடியாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதில்லை, அவ்வளவுதான். பழையது ஒன்றிரண்டாக விழ விழ, புதுசு வந்துகொண்டே இருக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி என்றார். பேத்திக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது.

இந்தக் காட்டின் மிச்சங்கள் இப்போது அநேகமாகச் சுவருக்கும் வேலிக்கும் உள்ளேதான். 1978-ல் தேசியப் பூங்காவான கிண்டி, மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர். பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வசிக்கிறது. சுவர் இல்லாத இடங்களில் எல்லாம் நாம் வசிக்கிறோம், நானும் சேர்த்துத்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் விழுந்தவை மே ஃபிளவரும் தூங்குமூஞ்சியும். சென்னைக்கு இரண்டுமே வெளியூர் மரங்கள். அந்தக் குழிகளில் அப்புறம் யாரும் எதையும் நடவில்லை.

திரும்பும்போது ஒரு நர்சரியில் வீரைக் கன்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதை யாரும் கேக்கறதில்ல சார். மகிழம் இருக்கு, அதுவும் எப்பவும் பச்சையா இருக்கும்" என்றார். மூன்றடிக் கன்று. மகள் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்.

எங்கே நடுவது என்பதில்தான் சிக்கல். கீழே மண் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று. அங்கே நட்டால் ஒரு கார் நிறுத்த முடியாது என்கிறார் அசோசியேஷன் செயலாளர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். அதுவரை மகிழம் எங்கள் பால்கனியில், பெயின்ட் வாளியில் நிற்கிறது. நேற்று ஒரு இலை பழுத்து விழுந்தது. மகள் பதறவில்லை. நுனியில் புதுத் துளிர் வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.