பத்மாவதி எங்கே நிற்கிறாள்?

‘மனோகரா’ நாடகத்தை வானொலிக்கு எழுத உட்காருபவர் முதலில் கவலைப்படுவது சங்கிலியைப் பற்றித்தான். விலங்கிட்டு அரசவையில் நிறுத்தப்பட்ட இளவரசன், தாய் தடையை நீக்கியதும் அதை அறுத்தெறியும் காட்சி அது. சென்னை ஜார்ஜ் டவுனில் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் எழுதியது. 1954-ல் படமாகவும் வந்து ஊரறிந்த காட்சி. உண்மையில் சங்கிலி எளிது. அதற்காகக் காசிமேடு துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி தேட வேண்டியதில்லை. கனத்த இரும்பை மைக் பக்கத்தில் உருட்டினால் வெறும் இரைச்சல்தான் பதியும். ஊஞ்சல் சங்கிலியைச் சிமென்ட் தரையில் மெல்ல இழுத்தால் போதும், மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். கடினம் அந்தத் தாய் பத்மாவதிதான். அவள் சொல்லாமல் மகன் கை ஓங்க மாட்டான் என்பதால், காட்சியின் முறுக்கெல்லாம் அவள் பேசாத நேரத்தில் இருக்கிறது. மேடையில் அவள் நிற்பது தெரியும். வானொலியிலோ, இரண்டு நிமிடம் வாய் திறக்காதவர் அவையை விட்டே போய்விட்டவர்.

படங்களின் ஒலிநாடாவை வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். நம்மைக் கெடுத்ததே அந்தப் பழக்கம்தான். ஒலிச்சித்திரம் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே படம் பார்த்தவர்கள். படத்தில் பத்மாவதியாக நடித்த கண்ணாம்பாவின் முகத்தை நினைவே கொண்டுவந்து கொடுத்தது. படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அதே ஒலிநாடா பாதிக் கதைதான். நாடகத்தில் காட்சியைக் கழித்தால் வானொலி நாடகம் மிஞ்சும் என்ற கணக்கு இங்கிருந்து வந்தது.

அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பதைப் பெருந்தொற்றுக் காலம் அப்பட்டமாகக் காட்டியது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மே, ஜூன் மாதங்களில் சென்னையில் தொற்று மிகுந்த மண்டலமாக ராயபுரம் இருந்தது. நடிகர்களை ஓர் அறையில் கூட்ட வழியில்லாதபோது கையில் இருப்பது செல்போன் மட்டும்: ஃபேனை நிறுத்தி, போர்வைக்குள் தலையை நுழைத்து, அவரவர் வசனத்தைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. எண்ணூர் விரைவுச் சாலையோர வீட்டில் பதிந்த குரலுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி உறுமும். அடுத்த குரலில் உறுமாது. அரசனும் மகனும் வேறு வேறு ஊரில் நின்று சண்டை போடுவதுபோல் இருக்கும். அதையாவது எல்லாக் குரலுக்கும் அடியில் ஒரே அவைச் சலசலப்பை ஓடவிட்டு ஓரளவு மூடலாம். மூட முடியாதது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதன் சத்தம். தனியே பதியும் நடிகர் தன் வரி முடிந்ததும் பொத்தானை அமுக்கிவிடுகிறார். ஆகவே வரிகளைப் போலவே கேட்பதையும் பதிந்து வாங்க வேண்டும்: அரசன் புருஷோத்தமன் பேச்சை இயர்போனில் ஓடவிட்டு, பத்மாவதி ஒரு சொல்லும் பேசாமல் முழுக்கக் கேட்பது. மூச்சு இழுபடும், வளை லேசாக உரசும், எச்சில் விழுங்கும் ஓசைகூட வரும். தொகுக்கும்போது அதில் மூன்றே இடங்கள் மிஞ்சலாம். அவள் அவையில் இருக்கிறாள் என்பதற்கு அந்த மூன்று போதும்.

இத்தனை சிரமம் எதற்கு, ஒரு கதைசொல்லியை வைத்து ‘அரசி கலங்கி நின்றாள்’ என்று சொல்லிவிடலாமே, தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லையா என்பது அடுத்த மறுப்பு. கட்டியங்காரன் ஆட்டத்துக்கு உள்ளே இருப்பவன். ராஜாவையே கேலி செய்வான். வெளியிலிருந்து விவரிக்கும் குரல் அப்படியல்ல, கேட்பவர் செய்ய வேண்டிய வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். மூலத்தைத் தொடலாமா என்ற கேள்விக்கு மட்டும் மரியாதை உண்டு. ஆனால் முதலியார் தானே நடித்தவர். அச்சிட்ட வசனத்துக்கு வெளியே எவ்வளவை நடிகர் கண்ணுக்கும் கைக்கும் விட வேண்டும் என்று அறிந்து எழுதியவர். அந்தப் பங்கைத்தான் காதுக்கு மாற்றுகிறோம். அதற்காக ஒரு சேவகன், ‘அம்மா, தாங்கள் உட்காருங்கள்’ என்று புதிதாக ஒரு வரி சொன்னால் பாதகமில்லை. அவள் உட்காரவில்லை என்பது, பதில் வராத அந்த நொடியில் கேட்டுவிடும்.