லண்டன் - பாரிஸ்: ஒன்றேகால் மணி நேரம்தானா?

"அம்மா, பாரிஸ் எவ்வளவு தூரம்?"

ஈஸ்டர் விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போவதென்று முடிவான அன்று, எட்டு வயது மகன் கேட்டான். நேர்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்றேன்.

"அவ்வளவுதானா? பிறகேன் நாங்கள் மூண்டு வருஷமா போகேல்லை?"

வேலை, ஸ்கூல், நீச்சல் வகுப்பு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்த ஒன்றேகால் மணியை அப்படியே நம்பிவிடாதீங்கோ. வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முந்தியே நிற்க வேணும். இறங்கிப் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி என்று இன்னொரு மணி. சார்ல் து கோல் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. அங்கிருந்து ஆர்ஈஆர் ரயிலில் இன்னும் அரை மணி. கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட வருது.

நாங்கள் செயின்ட் பாங்கிராஸிலிருந்து யூரோஸ்டார் எடுத்தோம். ஓட்டம் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் முந்திப் போனாலும் மொத்தம் ஐந்து மணிக்குள் முடிந்தது. 1994இல் திறந்த சுரங்கம் 50 கிலோமீட்டர் நீளம். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். மகன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தான். "கடலைக் காணேல்லையே அம்மா!" என்று ஏமாந்து போனான்.

கார் து நோரில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் லா சப்பல். தமிழ்ப் பெயர்ப்பலகை, புடவைக்கடை, கொத்துரொட்டி வாசம். மகன் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தான்.

பெரியம்மா கதவைத் திறந்து, "வா ராசா, சாப்பிட்டியோ?" என்றார். அவன் பழக்கத்தில் "யெஸ்" என்றான். அவர் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். வீட்டில் நான்தான் அவசரத்துக்கு ஆங்கிலத்தில் பேசிவிடுவேன். பிள்ளையில் பிழை இல்லை.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு பிரெஞ்சு, இவனுக்கு ஆங்கிலம். முதல் நாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலை. அடுத்த நாள் ஒளிச்சுப் பிடித்து விளையாட்டு. இவன் ஆங்கிலத்தில் எண்ண, அவள் சண்டை பிடித்தாள். கடைசியில் இருவருக்கும் பொதுவாய் இருந்தது ஒன்றுதான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." பத்தோடு மகன் நின்றுவிட்டான். "பதினொண்டு!" என்று குசினிக்குள்ளிருந்து பெரியம்மா குரல் வந்தது.

திரும்பும்போது லண்டன் நேரம் ஒரு மணி பின்னால். மணிக்கூட்டின்படி போகையில் மூன்று மணி இருபது நிமிடம், வருகையில் ஒரு மணி இருபதுதான். ரயில் முழுக்க அவன் இருபது வரைக்கும் எண்ணிப் பழகினான்.

ஓகஸ்ட் கடைசியில் லா சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும். அதற்கும் டிக்கெட் எடுத்தாச்சு. ஸ்கூல் விடுமுறை நெருங்க நெருங்க விலை ஏறும். நீங்களும் இப்பவே பாருங்கோ.