வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. இரண்டு கல் தொலைவிலுள்ள அடுத்த ஊரில், ஓட்டுக் கட்டடம் ஒன்றில், ஒரு மருத்துவர் இருந்தார். சுற்றுவட்டாரத்து எட்டு ஊர்களுக்கும் அவர் ஒருவரே. பிரசவம், பாம்புக்கடி, பேதி, அரிவாள் பட்ட கால் என எல்லாம் அவரிடமே போகும். கம்பவுண்டர் மருந்தைக் கலந்து சீசாவில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் வெட்டுத்தாளை அதன் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். கையில் காசில்லாதவர்கள் அறுப்பு முடிந்ததும் கம்போ உளுந்தோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

எங்கள் தந்தையாரிடம் ஒரு மாட்டு வண்டி இருந்தது. நள்ளிரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும் வண்டியைப் பூட்டிவிடுவார். நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலிலிருந்த வேப்பமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிக் காத்திருப்பார். தமக்கென்று ஒரு நாளும் அவர் உள்ளே சென்றதில்லை. "எனக்கென்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கும்" என்பார். அதைக் கேட்டு நாங்களும் பெருமைப்பட்டோம்.

1984ஆம் ஆண்டு அறுப்பின்போது களத்துமேட்டில் சாய்ந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன; பேச்சில்லை. அதே வண்டியில் அவரைக் கிடத்திக் கொண்டுபோனோம். மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றி இறக்கினார். பாதரசம் 220இல் நிற்கும்போதே நாடியின் ஓசை கேட்டதாகப் பின்னர் சொன்னார். மூன்றாம் நாள் தந்தையார் எங்களை விட்டுப் பிரிந்தார்.

பதினாறாம் நாள் கழிந்தபின் மருத்துவர் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் திண்ணையில் பேசாமல் இருந்தார்.

"பத்து வருஷமாக இந்த வண்டி என் வாசலில் நின்றதம்மா. வண்டியில் வந்தவர்களைத்தான் பார்த்தேன். கூட்டிவந்தவரை ஒரு நாளும் உள்ளே கூப்பிடவில்லையே."

"நீங்கள் என்ன செய்வீர்கள் ஐயா? அவருக்கு ஒரு வலியும் இல்லையே" என்றார் அம்மா.

"அதுதானம்மா இந்த நோயின் குணம். வலிக்காது."

சொல்லிவிட்டுத் தம் பெட்டியைத் திறந்து அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினார். அம்மாவுக்கும் அழுத்தம் மிகுந்திருந்தது. அன்று தொடங்கிய மாத்திரையுடன் அம்மா இன்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அதன்பின் மாலைதோறும் மருத்துவர் அப்பெட்டியுடன் வேப்பமரத்தடிக்கு வருவது வழக்கமாயிற்று. இருமலுக்குப் பேரனைத் தூக்கிவந்த பாட்டியும், மனைவிக்குத் துணைவந்த கணவனும் கையை நீட்டியே ஆகவேண்டும்.

பின்னாளில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவரைப் பற்றி வாசித்தோம். தெற்கு வேல்ஸில் கிளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். எந்த நோய்க்காக வந்தாலும் பெரியவர் ஒவ்வொருவரின் இரத்த அழுத்தத்தையும் அவர் அளந்தார், வராதவர்களையும் விட்டுவிடவில்லை. மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் 'லான்செட்' இதழில் எழுதினார். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர். எங்கள் மருத்துவர் அக்கட்டுரையைப் படித்திருந்தாரா, அறியோம். அவருக்கு அப்பாடத்தைக் கற்பித்தது ஒரு மாட்டு வண்டி.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் திட்டம் அது. எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு சகோதரி வந்தபோது, மகிழ்ச்சிக்கு முன் தந்தையாரின் முகமே எங்கள் நினைவில் எழுந்தது.

அம்மருத்துவர் இன்றில்லை. ஓட்டுக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் பிறரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றே பழகிய ஒருவர், அன்பு வாசகரே, நம் எல்லார் வீட்டிலும் இருப்பார். வலிக்கிறதா என்று அவரிடம் கேட்பது போதாது. இல்லை என்றுதான் சொல்வார். கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.