பழைய போட்டி ரைபிளின் விலை

போட்டிக்குரிய பழைய ரைபிளின் மதிப்பு அதன் பேரலுக்குள் இருக்கிறது. வெளிப்பளபளப்புக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த சுடுதளத்தைப் போன்ற இடங்களில், 50 மீட்டர் பிரிவுக்குப் பெரிதும் விரும்பப்படுவது ஜெர்மனியின் அன்சூட்ஸ் .22 ரைபிள். வெளிநாட்டு ரைபிளை நினைத்தபடி இறக்குமதி செய்ய இந்தியாவில் வழியில்லை. நிர்ணயித்த தகுதி பெற்ற வீரர்களுக்கே அந்தச் சலுகை. அதனால் கைமாறி வரும் ரைபிளுக்குக் கிராக்கி அதிகம், ஏமாறும் வாய்ப்பும் அதிகம்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. ஜெர்மனியின் உல்ம் நகரத் துப்பாக்கிச் சோதனைக்கூடத்தின் மான்கொம்பு முத்திரைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே ஐ என்றால் 8. ‘ஐஏ’ என்றிருந்தால் 1980. ஆனால் வயதை வைத்து மட்டும் விலையைக் குறைப்பது தவறு. .22 தோட்டா வெறும் ஈயம் என்பதால் பேரல் மெதுவாகத்தான் தேயும். பல்லாயிரம் குண்டுகளைத் தாங்கும்.

தேய்மானம் தொடங்கும் இடம், தோட்டா உட்காரும் சேம்பருக்குச் சற்று முன்னால். தோட்டாவின் பற்றவைக்கும் கலவையில் கண்ணாடித் தூள் உண்டு. அது கரியோடு சேர்ந்து அங்கே வளையமாகப் படிந்து, எஃகைச் சுரண்டுகிறது. துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் போல்ட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, சிறு கேமராவைச் செலுத்தி முதலில் அந்த வளையத்தைத்தான் தேடுவார். அடுத்து சேம்பரின் விளிம்பு: தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகிய ரைபிளில் சில சமயம் ஊசி மோதிய பள்ளம் தெரியும். பிறகு பேரலின் வாய். சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமிருந்து அலட்சியமாகச் செலுத்தியிருந்தால் அந்த விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருக்கும். கடற்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள ஊரில் துருவையும் ஈரத்தில் உப்பிய மரக்கட்டையையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலான சாட்சி காகித இலக்குதான். ரைபிளை அசையாமல் பூட்டி 50 மீட்டரில் பத்துக் குண்டுகள் சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ., தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், துளைகள் எல்லாம் 21.6 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் கணக்குப்படி அத்தனையும் பத்து. ஆனால் அதில் சுடுபவரின் கை அசைவுக்கு இடமே இல்லை. 16 மி.மீ.க்குள் அடங்கும் ரைபிளுக்குத்தான் நல்ல விலை தரலாம். ஒரு தொகுதித் தோட்டாவில் சிதறும் ரைபிள் இன்னொரு தொகுதியில் ஒழுங்காகச் சுடும். ஒரே பெட்டியை வைத்து அதை ஒதுக்குவது அநியாயம்.

பின்புறக் குறிநோக்கி, கைத்தாங்கி, அடிக்கட்டைக் கொக்கி ஆகியவை உடன் வருகின்றனவா என்று கேட்க வேண்டும். தனியே வாங்கினால் பெருஞ்செலவு. ஏர் ரைபிளானால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதி முக்கியம். தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டுகளே அனுமதிக்கிறார்கள்.

கடைசியாக ஆவணம். 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் தேவைப்படும் துப்பாக்கியைத் தனிநபர் விற்குமுன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரிடமும் அந்த வகைக்கான உரிமம் இருக்க வேண்டும். உரிமத்தில் உள்ள எண்ணும் ரைபிளில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் விலை பேசவே கூடாது.