கண்டிப்பேட்டைக் கரையில் ஒரு ஞாயிறு

ஹைதராபாத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர்க்குச் சொந்த மனை என்பது தீராத ஆசை. என் மனைவியின் தம்பிக்கும் அவ்வாசை மூண்டது. "அத்தான், கண்டிப்பேட்டைப் பக்கம் மனை மலிவாம், முன்பணம் கொடுக்குமுன் நீங்களும் வந்து பாருங்கள்" என்றான். ஒரு ஞாயிறன்று செகந்திராபாத்திலிருந்து மெஹதிப்பட்டணம், நார்சிங்கி வழியாக ஸ்கூட்டரில் புறப்பட்டோம்.

கண்டிப்பேட்டை ஏரிக்கு உஸ்மான் சாகர் என்று பெயர். 1908 செப்டம்பரில் மூசி நதி பெருகி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னர், விசுவேசுவரய்யாவின் யோசனையைக் கேட்டு நிஜாம் அரசு இரு அணைகள் கட்டுவித்தது. இது 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. வெள்ளம் தணிந்தது, நகருக்குக் குடிநீரும் கிடைத்தது.

இந்நீரைக் காக்கவே 1996 மார்ச் 8இல் ஆந்திர அரசு 111ஆம் அரசாணையைப் பிறப்பித்தது. ஏரிகளைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், மாசுபடுத்தும் ஆலைகளுக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் தடை. 2000இல் உச்ச நீதிமன்றமும், ஓர் எண்ணெய் ஆலை வழக்கில், இத்தடையின் பக்கமே நின்றது.

எல்லைக்கு வெளியே கோகாபேட்டையில் 2023 ஆகஸ்டு ஏலத்தில் ஓர் ஏக்கர் நூறு கோடி ரூபாயைத் தாண்டிற்று. அந்த மாடங்களைக் காட்டி, கரையில் சோளக்கதிர் சுட்டு விற்ற முதியவர் தெலுங்கில் கேட்டார்: "ஊர் குடிக்கும் தண்ணீருக்கு நான் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" அவருக்கு எல்லைக்குள் இரண்டு ஏக்கர் உண்டாம். எனக்கு விடை தெரியவில்லை.

தரகர் வந்து, தடை நீங்கிவிட்டது என்று 2022 ஏப்ரல் மாதத்து 69ஆம் அரசாணையின் நகலை நீட்டினார். பொய்யன்று. 2023 மே மாதத்தில் தெலங்கானா அமைச்சரவை 111ஐ அறவே நீக்கவும் தீர்மானித்தது. ஆனால் குமாஸ்தாவுக்குக் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் போகுமா? நீரின் தூய்மை கெடலாகாது என்ற நிபந்தனையும், விதிகள் வகுக்கத் தலைமைச் செயலாளர் தலைமையில் குழு அமைப்பதும் அதிலேயே இருந்தன.

"இந்த மனைப்பிரிவை அங்கீகரித்த உத்தரவின் எண் என்ன?" என்று கேட்டேன். அடுத்த மாதம் விலை ஏறும் என்றார். மறுபடி கேட்டேன், தேநீர் வரவழைத்தார். பத்திரத்தில் அது விளைநிலமாகவே இருந்தது. நாங்கள் விலை பேசியது மண்ணுக்கன்று, அரசு இனிச் செய்யப்போகும் முடிவுக்கு.

மெஹதிப்பட்டணம் வரும்வரை மைத்துனன் வாய் திறக்கவில்லை. முன்பணம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று வாரமாயிற்று, கோபம் தணியவில்லை. அவன் அக்காளும் அவன் பக்கமே.