ஒரு ஸ்டெப் எத்தனை மில்லிமீட்டர்?

ரயில் எஞ்சினை ஏற்றித் திருப்புகிற வட்டப் பாலம்தான் டர்ன்டேபிள். அதன் மாடலைத் தானாக ஓட வைப்பது எங்கள் புராஜெக்ட்.

"டி.சி. கியர் மோட்டார் போதும்டா மாப்ள" என்றான் நண்பன். சுற்றும், சரி. எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரியாதே! தண்டவாளத்துக்குத் தண்டவாளம் சென்சார் வைக்க வேண்டும்.

ஸ்டெப்பர் மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றும் 1.8 டிகிரி. கேட்க ஜோராக இருக்கிறது. கணக்குப் போட்டதும் வயிறு கலங்கியது. எங்கள் பாலம் 30 செ.மீ. நீளம், அதன் நுனியில் ஒரு ஸ்டெப் 4.7 மி.மீ.! இரு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளியே 16.5 மி.மீ.தான். எஞ்சினோ இரவல். பள்ளத்தில் விழுந்தால் நாலு பேரின் மெஸ் பணம் காலி. மைக்ரோஸ்டெப் டிரைவர் போடலாம்தான், விலை உதைத்தது.

கடைசியில் கியரோடு வரும் குட்டி 5 வோல்ட் ஸ்டெப்பரைப் பிடித்தோம். சுற்றுக்குச் சுமார் 2048 ஸ்டெப். நுனியில் அரை மி.மீ.கூட இல்லை. தொடக்கப் புள்ளிக்கு ஒரு சுவிட்ச் போதும்.

"கியர் பல்லுல ஆட்டம் இருக்கேடா?" விடவில்லை அவன். இருக்கிறது. அதனால் எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்துதான் நிறுத்துகிறோம். எதிர்ப்பக்கம் போகணும்னா, கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரும்.